பழவேற்காட்டுக்கு ஒருநாள் பயணம்: கூட்டமும் அலைச்சலும் இன்றிப் போய்வர முழுமையான வழிகாட்டி

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் உப்பங்கழி ஏரிக்கும் இடையில் இருக்கும் பழவேற்காட்டுக்கு ஒரே நாளில் அமைதியாகப் போய்வர விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அங்கே பெரிய விடுதி வசதிகளோ பொழுதுபோக்குப் பூங்காவோ இல்லை. பறவைகள், மீன் இறங்குதுறை, பழைய கல்லறைகள், ஆளில்லாத கடற்கரை ஆகியவையே அங்கு உள்ளவை. அவை போதும் என்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

முதன்முறை போகிறவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை காலை உணவை முடித்துவிட்டுச் சாவகாசமாகக் கிளம்பி, உச்சிவெயிலில் நேராகக் கடற்கரைக்குப் போய், நிழல் தேடி அலைந்து, படகு கிடைக்கவில்லையே என்று குறைபட்டு, உப்பு காய்ந்த உடையோடு ஊருக்குள் திரும்பும்போது மீன் ஏலமும் முடிந்து பறவைகளும் தள்ளிப் போயிருப்பதைக் காண்கிறார்கள். அவர்கள் பார்க்கத் தவறிய எல்லாம் அதே ஊரில்தான் இருந்தன; பார்த்த வரிசைதான் தலைகீழாகிவிட்டது. ஏரியைக் காலையிலும், ஊரை நடுப்பகலிலும், கடலைக் கடைசியிலும் வைத்துக்கொள்வதே இங்கு சொல்லப்படும் முறை. அதற்கான காரணங்கள் அந்தந்தப் படியில் வருகின்றன.

1. நாளைத் தேர்ந்தெடுத்தல்

பொங்கல் கழிந்து ஒரு வாரம் ஆன பிறகு தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரையிலான வாரநாள்களே முதல் தேர்வு. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரி அந்த வாரங்களில் மெல்ல வற்றத் தொடங்கும். இங்கு வரும் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) நின்றபடியே அலகைத் தண்ணீரில் அமிழ்த்தி இரை தேடுபவை என்பதால், கால் ஊன்றுமளவுக்கு ஆழம் குறைந்த பிறகுதான் அவை ஓரிடத்தில் கூட்டமாக நிற்கும். மழை அதிகம் பெய்த ஆண்டில் டிசம்பரிலேயே போய் ‘ஒரு பூநாரைகூட இல்லை’ என்று திரும்புகிறவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிட்டவர்கள்.

தவிர்க்க வேண்டிய நாள்களில் முதலாவது காணும் பொங்கல்; அன்று சுற்றுவட்டார ஊர்கள் அனைத்தும் அந்தக் கடற்கரையில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளும் அரசு விடுமுறைகளும் ஓரளவுக்கு அப்படியே.

பலர் எண்ணிப் பார்க்காத இன்னொரு நாள் ராக்கெட் ஏவப்படும் நாள். ஏரிக்கும் கடலுக்கும் இடையே வடக்கில் நீண்டுகிடக்கும் தீவில்தான் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் உள்ளது. ஏவுதலைப் பார்ப்பதற்கென்றே பழவேற்காட்டுக் கரைக்கு மக்கள் வந்து கூடுவதுண்டு. மீனவர்களைக் கடலுக்குள் போக வேண்டாம் என்று எச்சரிப்பதும் உண்டு. அமைதியும் இராது, இறங்குதுறையில் மீனும் இராது. ஆகவே நாளை உறுதிசெய்யும் முன் ஏவுதல் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ராக்கெட் பார்ப்பதற்காகவே போவதென்றால் அது வேறு பயணம். இந்த வழிகாட்டி அதற்கு உதவாது.

நவம்பர், டிசம்பர் மாதங்களில் போவதாக இருந்தால் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளதா என்பதையும் முந்தைய மாலையில் செய்தியில் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் குழந்தைகளையோ முதியவர்களையோ அழைத்துப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் நிழல் அவ்வளவு குறைவு.

2. முந்தைய நாள் இரவே எடுத்துவைக்க வேண்டியவை

தண்ணீர்தான் முதல் பொருள். ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் கடைகளில் தண்ணீர் கிடைக்கும் என்றாலும், பாலத்தைத் தாண்டி மணல் பக்கம் போன பிறகு ஒரு பாட்டிலுக்காக வந்தவழியே திரும்ப நேரும்.

அகலமான விளிம்புள்ள தொப்பி அல்லது குடை, முழுக்கைப் பருத்திச் சட்டை, பின்வாருள்ள செருப்பு ஆகியவை அவசியம். ஏரியோரச் சேற்றில் உடைந்த கிளிஞ்சல் ஓடுகள் புதைந்திருக்கும்; வெறுங்காலோடு இறங்கினால் பாதம் கிழியும். சாதாரண ரப்பர் செருப்பைச் சேறு உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதால்தான் பின்வார் வேண்டும் என்கிறேன்.

பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள், இல்லாவிட்டால் கடன் வாங்குங்கள். வெறுங்கண்ணுக்குப் பூநாரைக் கூட்டம் தொலைவில் ஒரு வெளிறிய கோடாகத்தான் தெரியும். கைபேசிக் கேமராவில் அந்தக் கோடும் தெரியாது. ட்ரோன் கொண்டுபோக வேண்டாம். ஏவுதளம் அருகில் இருப்பதால் வீண் விசாரணைக்கு இடம் கொடுக்கும் என்பதோடு, பறவைகள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பிப் போய்விடும்.

சில்லறையாக ஐந்நூறு ரூபாய் அளவுக்கு நோட்டுகள் வைத்திருங்கள். கைபேசியில் பணம் வாங்கும் கடைகள் பெருகியிருந்தாலும், பேருந்து நடத்துநரும் கூறு வைத்து மீன் விற்கும் பெண்மணியும் ரொக்கத்தைத்தான் விரும்புவார்கள். குப்பைக்கு ஒரு கெட்டியான பையையும், மீன் வாங்கும் எண்ணம் இருந்தால் மூடியுள்ள சிறிய தெர்மோகோல் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிக்கப் போகிறவர்கள் மாற்றுடையைப் பையின் அடியில் வைக்கலாம். மாலைவரை அதற்கு வேலை இல்லை.

3. ரயிலா, காரா?

தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ போகிறவர்களுக்கு ரயிலும் பேருந்துமே மேல். சென்னை சென்ட்ரலை அடுத்த மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வழித்தடப் புறநகர் ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்க வேண்டும். பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காலை 6 மணிக்கு முன்பு கிளம்பும் வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் எட்டு மணியளவில் ஏரிக்கரையில் நிற்கலாம்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, வடக்கே போகும் எந்த வண்டியிலும் ஏறிவிடுவது. இத்தடத்தில் சில வண்டிகள் எண்ணூரிலோ மீஞ்சூரிலோ நின்றுவிடும். பெட்டியின் முகப்பில் கும்மிடிப்பூண்டி அல்லது சூலூர்பேட்டை என்று இருப்பதைப் பார்த்து ஏறுங்கள். விஜயவாடாப் பக்கம் போகும் விரைவு ரயில்களில் பெரும்பாலானவை பொன்னேரியில் நிற்காமல் போய்விடும்.

பயணச்சீட்டைப் போகும்போதே போகவரச் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. மாலையில் பேருந்தை விட்டு இறங்கி ஓடிவரும்போது வரிசையில் நின்றதால் கண்ணெதிரே வண்டியைத் தவறவிட்டவர்கள் உண்டு.

நான்கைந்து பேர், முதியவர்கள், கைக்குழந்தை என்றால் காரில் போகலாம். செங்குன்றம் வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் போய், தச்சூர் கூட்டுச்சாலையில் வலப்புறம் திரும்பி, பொன்னேரி, திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு சேரும் பாதை சுற்றுப்போலத் தோன்றினாலும் நிம்மதியானது. மணலி, மீஞ்சூர் வழி தொலைவில் குறைவு என்று வரைபடச் செயலி காட்டக்கூடும். துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டால் அந்தக் குறைவுக்குப் பொருள் இல்லாமல் போய்விடும். காட்டுப்பள்ளி வழியாகக் கடலோரமாகப் போவதும் அதே காரணத்தால் எனக்கு உவப்பில்லை.

4. பொன்னேரியில் முடிக்க வேண்டியவை

ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் சற்றுத் தள்ளி இருக்கிறது. ஷேர் ஆட்டோ கிடைக்கும். பேருந்து நிலையத்தில் பழவேற்காட்டுப் பேருந்து எப்போது என்று கேட்டுவிட்டு, அதற்குள் இரண்டு வேலைகளை முடியுங்கள்: காலை உணவு, கழிப்பறை.

இரண்டாவதைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழவேற்காட்டில் பொதுக் கழிப்பறை வசதி குறைவு. கடற்கரைப் பக்கம் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே பாதுகாப்பு. பெண்களோடு போகும் குழுக்களில் பாதிப் பயணம் இதனாலேயே கெட்டுப்போகிறது. அழைத்துப் போகும் ஆண்கள் இதை முன்கூட்டி யோசிப்பதே இல்லை.

ஏறும்போதே நடத்துநரிடம் பழவேற்காட்டிலிருந்து மாலையில் கடைசியாகக் கிளம்பும் இரண்டு பேருந்துகளின் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நேரங்கள் மாறக்கூடியவை, அன்றன்று ஓட்டுகிறவர் சொல்வதுதான் நம்பத் தகுந்தது. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு ஏறத்தாழ 18 கிலோமீட்டர், முக்கால் மணி நேரப் பயணம்.

5. இறங்கியதும் பாலத்துக்கு நடங்கள்

பேருந்தை விட்டு இறங்கியதும் ஊரையும் கடலையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, ஏரியின் குறுக்கே கடற்கரைத் திட்டுக்குப் போகும் பாலத்தை நோக்கி நடங்கள். காலை எட்டு மணிக்குச் சூரியன் கிழக்கே, அதாவது கடல் பக்கம் இருக்கும். பாலத்தில் நின்று வடக்கும் மேற்குமாக விரியும் நீர்ப்பரப்பைப் பார்த்தால் ஒளி உங்கள் முதுகுப்புறமும் வலப்புறமும் இருந்து பறவைகள் மேல் விழும். இறகின் இளஞ்சிவப்பும் அலகின் வளைவும் தெளிவாகத் தெரியும். இதே இடத்தில் மாலை நான்கு மணிக்கு நின்றால் மேற்குச் சூரியன் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசச்செய்யும், பறவைகள் கரிய நிழல்களாகத்தான் தெரியும். ஏரியைக் காலையில் வைத்ததற்கு இதுவே முதற்காரணம்.

பூநாரையை மட்டும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, ஆலா, கடற்காக்கை, சேற்றில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சிறு உள்ளான்கள் என்று பார்க்க நிறைய உண்டு. பூநாரை பாலத்தை ஒட்டி வந்து நிற்கும் பறவை இல்லை. பெரும்பாலும் தொலைவில்தான் இருக்கும். கிட்டத்தில் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள், ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரிக்குத் தனியாக இன்னொரு காலைப் பொழுதை ஒதுக்குவது நல்லது. ஒரே நாளில் இரண்டையும் அடைக்க முயன்றால் இரண்டிலும் நின்று பார்க்க நேரம் இராது.

ஏரிக்குள் வரிசையாகக் கழிகள் நடப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அவை கைவிடப்பட்டவை போலத் தோன்றினாலும் வலை கட்டுவதற்கானவை. இந்த ஏரியில் எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பது ‘பாடு’ என்ற முறைப்படி பிரித்துக்கொள்ளப்படுகிறது. ஆழம் குறைவுதானே என்று இறங்கி அந்தக் கழிகளுக்கிடையே நடப்பது ஒருவரின் அன்றைய முறையைக் கெடுப்பதாகும். கழுத்தளவுத் தண்ணீரில் அமர்ந்தபடி கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களையும் ஆண்களையும் ஓரங்களில் காணலாம். கேட்காமல் கேமராவை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள், சம்மதிக்காவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

6. படகுச் சவாரிக்கு அழைத்தால்

பாலத்தருகே நிற்கும்போது யாராவது வந்து ‘முகத்துவாரம் வரை போய்வரலாமா’ என்று கேட்கக்கூடும். மறுத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்திருந்த குடும்பத்தினர் சென்ற படகு முகத்துவாரப் பக்கம் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்கு மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது.

தடை இருப்பதால் ரகசியமாக ஏற்றிச் செல்லப்படும் படகில் உயிர்காப்பு உடையோ, ஏற்ற வேண்டிய ஆள்களின் கணக்கோ இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மீன்பிடி ஃபைபர் படகு வலைக்கும் பழகிய கைகளுக்கும் ஏற்றபடி அமைந்தது. புகைப்படத்துக்காகப் பத்துப் பேரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் அது தாங்காது. பேரம் பேசி விலையைக் குறைத்துவிட்டதாக மகிழ்ந்து ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலைதான் மிஞ்சுகிறது.

7. மீன் இறங்குதுறை

ஒன்பது மணிக்குள் ஏரியைப் பார்த்து முடித்துவிட்டு இறங்குதுறைப் பக்கம் வாருங்கள். இரவிலும் விடியலிலும் போன படகுகள் திரும்பி, ஏலமும் கூறு விற்பனையும் நடக்கும் நேரம் அது. பத்து, பத்தரைக்குப் பிறகு நல்ல மீன் வியாபாரிகளின் பெட்டிகளில் ஏறிச் சென்னைக்குக் கிளம்பிவிடும்.

ஏரி மீனும் கடல் மீனும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் விற்கப்படும். மடவை, கிழங்கான், கொடுவா, இறால், ஏரி நண்டு ஆகியவற்றை ஏரிச் சரக்கில் எதிர்பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. ஏரியில் பிடிப்பவர்களும் சிறு படகுக்காரர்களும் தொழிலை நிறுத்துவதில்லை என்பதால் அப்போதும் இங்கே மீன் இருக்கும், விலைதான் ஏறியிருக்கும்.

வீட்டுக்கு வாங்குவதென்றால் இப்போதே வாங்குங்கள், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஏலத்துக்குள் புகுந்து விலை கேட்க வேண்டாம். அது மொத்த வியாபாரிகளுக்கானது, கூடை மேல் கூடையாக எண்ணி முடிக்கும் வேகத்தில் புதியவர் குறுக்கிட்டால் எரிச்சல்தான் வரும். ஓரமாகக் கூறு வைத்து விற்கும் பெண்களிடம் வாங்குங்கள். செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருக்கிறதா என்று பாருங்கள், நண்டைக் கையில் தூக்கி எடையைப் பாருங்கள்; அளவுக்கு ஏற்ற கனம் இல்லாத நண்டில் சதை இராது.

கழுவி வெட்டி வாங்குவது வசதியாகத் தோன்றினாலும், பகல் முழுவதும் வைத்திருக்கப் போகிற மீனை முழுதாக வாங்கி, குடலை மட்டும் நீக்கச் சொல்வதே சரி. வெட்டிய துண்டுகள் உருகும் ஐஸ் தண்ணீரில் ஊறிச் சாரமிழந்துவிடும். பெட்டியின் அடியில் ஐஸ், நடுவில் பாலித்தீன் பையில் கட்டிய மீன், மேலே மறுபடியும் ஐஸ் என்று அடுக்கி மூடியின் விளிம்பை டேப்பால் ஒட்டுங்கள். காரில் வந்தவர்கள் பெட்டியை வண்டியில் வைக்கலாம். பேருந்தில் வந்தவர்கள் மதியம் சாப்பிடப் போகும் கடையில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். கசியும் பெட்டியோடு மாலைப் பேருந்தில் ஏறினால் நடத்துநர் இறங்கச் சொல்வதில் நியாயம் உண்டு.

8. வெயில் ஏறியதும் ஊருக்குள்

பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் நிற்பதில் பயன் இல்லை. ஊருக்குள் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. வாயிலில் செதுக்கப்பட்டுள்ள எலும்புக்கூட்டு உருவங்களைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்களே அதிகம். உள்ளே தரையோடு படுத்திருக்கும் கற்பலகைகளில் உள்ள எழுத்தும் குடும்பச் சின்னங்களும்தான் நின்று பார்க்க வேண்டியவை. சாய்வான வெளிச்சத்தில்தான் செதுக்கு வேலை துலங்கும். ஆகவே பத்தரைக்கு முன் போய்விடுவது நல்லது, நண்பகலில் எல்லாம் தட்டையாகத் தெரியும். கல்லறைகளின் மேல் உட்காராதீர்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தை அங்கே பிரிக்காதீர்கள்.

இங்கிருந்த டச்சுக் கோட்டையைத் தேடி அலைய வேண்டாம். கெல்ட்ரியா கோட்டை என்று இணையத்தில் படித்துவிட்டு மதில்களை எதிர்பார்த்து வருபவர்களுக்கு அங்கே புதர் மண்டிய மேடுதான் காணக் கிடைக்கும். பாம்பு நடமாட்டம் உள்ள புதருக்குள் அரைக்கால் சட்டையோடு நுழைவதைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாத வேலை.

பழவேற்காட்டில் இஸ்லாமியப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளும் கூடைகளும் பெயர்பெற்றவை. அக்கம்பக்கத்தில் கேட்டால் விற்கும் இடத்தைக் காட்டுவார்கள். வீட்டு வாசலில் அமர்ந்து முடைகிறார்கள் என்றால் அது அவர்கள் வீடு என்பதை நினைவில் வைத்து, பெண்களை முன்னால் அனுப்பிப் பேசுங்கள். ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் அதன் பிறகு பேரம் பேச மனம் வராது.

வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல் தெருக்கள் தொழுகைக்கு வருபவர்களால் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் காரை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

9. மதியச் சாப்பாடும் ஓய்வும்

மீன் சாப்பாடு போடும் சிறு கடைகளில் காலையிலேயே, அதாவது இறங்குதுறையிலிருந்து திரும்பும் வழியிலேயே, எத்தனை பேர் என்று சொல்லி வைத்துவிடுங்கள். வாரநாளில் குறைந்த ஆள்களுக்கே சமைப்பார்கள். சொல்லாமல் ஒன்றரை மணிக்கு ஐந்து பேராகப் போய் நின்றால் குழம்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அசைவம் உண்ணாதவர்கள் கட்டுச்சோற்றோடு வருவதே நல்லது. புளியோதரையும் தயிர்சாதமும் இந்த வெயிலுக்கும் பயணத்துக்கும் தாங்கும்.

சாப்பிட்டபின் மூன்று மணி வரை நிழலில் இருங்கள். இந்த இடைவெளியை வீண் என்று நினைத்து உடனே கடற்கரைக்கு ஓடுகிறவர்கள்தான் மாலையில் தலைவலியோடு திரும்புகிறார்கள்.

10. இப்போது கடல்

மூன்று, மூன்றரைக்குக் கிளம்புங்கள். ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து கடற்கரை வரை நடக்கலாம், வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். ஆட்டோவில் போனால் திரும்பி வருவதற்கான நேரத்தையும் கட்டணத்தையும் ஏறும் முன்பே பேசி முடியுங்கள். கடற்கரையில் காலியாக நிற்கும் ஆட்டோ என்று ஒன்று இருக்காது. காரில் வந்தவர்கள் கெட்டியான தரை முடியும் இடத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று மணலில் இறக்கினால் சக்கரம் புதையும். டிராக்டர் கூட்டிவந்து இழுப்பதற்குள் இருட்டிவிடும்.

கடலைப் பிற்பகலில் வைத்ததற்குக் காரணம் மூன்று. சூரியன் மேற்கே சாய்ந்திருப்பதால் கடலைப் பார்த்து அமரும்போது வெயில் முதுகில்தான் படும். நண்பகலுக்கு மேல் எழும் கடற்காற்று அந்நேரம் நன்றாக வீசிக்கொண்டிருக்கும். உடை நனைந்தாலும் அடுத்து வீடு திரும்புவதுதான் பாக்கி. காலையில் கடலில் நனைந்தவர்கள் உப்பு உறுத்தும் உடலோடு பகல் முழுவதும் ஊருக்குள் திரிவதைப் பார்த்தால் இது விளங்கும்.

கரையில் வடக்கு நோக்கி நடந்தால் முகத்துவாரம் வரும். அந்தப் பக்கம் தண்ணீரில் இறங்கவே கூடாது. பரந்த ஏரியின் நீர் கடலுக்குப் போகவும் வரவும் அந்தக் குறுகிய வாய்தான் முக்கிய வழி. கடல்மட்டம் இறங்கும் வற்றத்தின்போது ஏரிநீர் அதன் வழியே கடலுக்குள் இழுபடும்; மேலே பார்த்தால் அலைகூட இல்லாமல் சாதுவாகத் தெரியும் இடத்தில்தான் இழுப்பு அதிகம். அடிமணல் நாளுக்கு நாள் இடம் மாறுவதால், போன மாதம் முழங்காலளவு இருந்த இடம் இந்த மாதம் ஆளை விழுங்கும் ஆழமாக இருக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருப்பதால் இழுப்பும் அப்படியே. நீச்சல் தெரியும் என்பது இங்கே துணைக்கு வராது.

தெற்குப் பக்கமாக, கலங்கரை விளக்கத்தை அடுத்துள்ள குப்பத்தைக் கடந்து, படகுகளும் வலைகளும் இல்லாத இடத்தைத் தேர்ந்து உட்காருங்கள். அங்கும் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வதே என் அறிவுரை. உயிர்காப்பு வீரரோ அறிவிப்புப் பலகையோ பக்கத்தில் இருக்கும் என்று நம்பி இறங்க முடியாது. குழந்தைகள் இருந்தால் பெரியவர் ஒருவர் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு அவர்களை மட்டுமே கவனிக்கும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள்.

மணலில் விரித்துள்ள வலையை மிதித்துப் போகாதீர்கள். சுற்றிப் போனால் பத்தடி கூடும், அவ்வளவுதான். கருவாடு காயும் இடத்தில் குழந்தைகளை மணல் வாரி விளையாட விடாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். இறந்து ஒதுங்கிய ஆமையைக் கண்டால் தொடவேண்டாம், மணலில் துடுப்புத் தடம் தெரிந்தால் அந்த இடத்தைக் கிளற வேண்டாம்.

இவ்வளவையும் கவனித்த பிறகு கிடைப்பது ஒன்றரை மணி நேர உட்காரல்தான். பாட்டுப்பெட்டியைத் திறக்காமல் இருந்தால் அதுவே தாராளம்.

11. திரும்புதல்

காலையில் குறித்துக்கொண்ட இரண்டு பேருந்துகளில் கடைசிக்கு முந்தையதைப் பிடிக்கும்படி ஐந்து மணிக்குள் மணலை விட்டு எழுந்துவிடுங்கள். கடைசிப் பேருந்தை நம்பினால், அது வராத நாளில் 18 கிலோமீட்டருக்கு ஆட்டோ பேச வேண்டி வரும், அந்த நேரத்தில் விலை பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

உடை மாற்ற வேண்டியவர்கள் உலர்ந்த துணியை மேலே சுற்றிக்கொண்டு மாற்றுவதற்குத் தயாராக வர வேண்டும். மணலைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதைவிட, காய்ந்தபின் துண்டால் தட்டினால் எளிதில் போய்விடும். குப்பைப் பையை ஊரில் விடாமல் பொன்னேரி வரையாவது கொண்டுவாருங்கள். பழவேற்காட்டில் போட்டது காற்றில் ஏரிக்குள் போய் யாராவது ஒருவரின் வலையில்தான் சிக்கும்.

மீன் பெட்டியைக் கடையிலிருந்து எடுக்கும்போது உருகிய நீரை வடித்துவிட்டுப் புது ஐஸ் போட்டு மறுபடியும் டேப் ஒட்டுங்கள். ரயிலில் பெட்டியைக் காலடியில் வையுங்கள், மேல் தட்டில் வைத்தால் கீழே உட்கார்ந்திருப்பவர் மேல் சொட்டும். பொன்னேரியில் சென்னைக்குப் போகும் வண்டி தாமதம் என்று தெரிந்தால் நடைமேடையில் காத்துக்கிடக்காமல், பேருந்து நிலையத்திலிருந்து செங்குன்றம் போகும் பேருந்தைப் பிடித்து, அங்கிருந்து மாநகரப் பேருந்தில் நகருக்குள் வந்துவிடலாம். அண்ணாநகர், பெரம்பூர் பக்கம் இருப்பவர்களுக்குச் சில நாள்களில் இதுவே முன்னதாக வீடு சேர்க்கும்.

வீட்டுக்கு வந்ததும் மீனை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பைனாகுலரின் வெளிப்புறத்தையும் கண்ணாடியின் விளிம்பையும் சிறிது நனைத்த மெல்லிய துணியால் அன்றிரவே துடைத்துவிடுங்கள். உப்புக்காற்று படிந்த உலோகமும் ரப்பரும் மறுநாள்வரை விட்டுவைத்தால் கெடும். செருப்பை நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள்.